டிஎஸ் லைட்டில் ஃப்ளாஷ் கார்ட்: எந்த கெர்னல், எந்த மெமரி கார்டு, சேவ் ஏன் காணாமல் போகிறது?

பனைமரம்77:
வணக்கம் நண்பர்களே. கன்சோல் நின்டெண்டோ டிஎஸ் லைட். ஸ்லாட்-1-இல் (டிஎஸ் கார்ட்ரிட்ஜ் துளை) போடுகிற, மெமரி கார்டிலிருந்து நிரல்களை ஓட்டும் ஃப்ளாஷ் கார்ட் ஒன்றும் 32 ஜிபி மைக்ரோ எஸ்டி ஒன்றும் இருக்கு. இணையத்தில் கிடைத்த ஒரு கெர்னலை (ஃப்ளாஷ் கார்டின் மெனுவை ஓட்டும் மென்பொருள்) மெமரி கார்டில் போட்டேன். டிஎஸ் மெனுவில் ஐகான் வருது. தொட்டால் "லோடிங்" என்று வந்து அங்கேயே நின்றுவிடுது. ஹோம்ப்ரூ (ஆர்வலர்கள் எழுதிய நிரல்கள்) ஓட்டணும், என்னிடம் உள்ள அசல் கார்ட்ரிட்ஜ்களைப் பிரதி எடுத்து ஒரே கார்டில் வைத்துக்கொள்ளணும், அவ்வளவுதான் தேவை. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

சில்லு:
ஐகான் வருதுன்னா கார்டோட பின்கள் ஒழுங்கா தொடுது, கன்சோலும் அதை ஏத்துக்கிச்சு. "லோடிங்"ல நிக்குறது பெரும்பாலும் தப்பான கெர்னல். முதல்ல உங்ககிட்ட இருக்கிற வன்பொருள் எதுன்னு கண்டுபிடிக்கணும்.

ஸ்டிக்கர்ல "ஆர்4"ன்னு பெரிய எழுத்துல இருந்தா அதை வச்சு ஒன்னும் முடிவு பண்ணாதீங்க. அசல் ஆர்4 உற்பத்தி எப்பவோ நின்னுபோச்சு. இப்போ அந்தப் பெயர்ல வர்றதெல்லாம் வேற வேற ஆட்கள் செஞ்ச வேற வேற பலகைகள். உள்ள இருக்கிற சில்லும் மெமரி கார்டைப் படிக்கிற முறையும் ஒன்னுக்கொன்னு பொருந்தாது.

ஸ்டிக்கர்ல சின்ன எழுத்துல ஒரு இணைய முகவரி இருக்கும். அதை எழுத்து எழுத்தா படிங்க. நடுவுல ஒரு சிறுகோடு இருக்கா இல்லையா, கடைசியில டாட் காம்-ஆ, டாட் சிஎன்-ஆ, டாட் ஹெச்கே-வா என்கிற அளவுக்குப் பாருங்க. "ஆர்4ஐ எஸ்டிஹெச்சி"ன்னு ஒரே மாதிரி ஒலிக்கிற முகவரிகள் நாலஞ்சு இருக்கு. ஒரு சிறுகோடு மாறினா கார்டே வேற, கெர்னலும் வேற. முகவரி அழிஞ்சிருந்தா, மெமரி கார்டோட சேர்ந்து வந்த பழைய கோப்புகளைப் பாருங்க. மெனு கோப்போட பெயர் "டிடிமெனு"ன்னு ஆரம்பிச்சா அது டிஎஸ்டிடி என்கிற இன்னொரு ஃப்ளாஷ் கார்டு வழி வந்த நகல்.

ஒரு எச்சரிக்கை. பொருந்தாத கெர்னல் ஓடாம நிக்கிறதோட போகும்னு நினைச்சு ஒவ்வொன்னா போட்டுப் பார்க்காதீங்க. டிஎஸ்டிடி-க்கு வந்த கெர்னல் பதிப்புகள்ல சில, நகல் கார்டைக் கண்டா அதை முடக்கிற மாதிரியே எழுதப்பட்டவை. அதே மாதிரி, "ஃபர்ம்வேர் அப்டேட்"ன்னு தனியா ஒரு டாட் என்டிஎஸ் (டிஎஸ் நிரல்) கோப்பு கிடைச்சா, அது உங்க பலகைக்கே உரியதுன்னு உறுதியாத் தெரியாம ஓட்டவே கூடாது. கெர்னல் மெமரி கார்டுல இருக்கிற கோப்பு, அழிச்சுட்டு வேற போடலாம். ஃபர்ம்வேர் ஃப்ளாஷ் கார்டுக்குள்ளேயே எழுதப்படும். அது பாழானா பல கார்டுகள்ல திரும்ப எழுத வழியே இல்ல.

கயல்_எம்:
சில்லு சொன்னதற்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மைக்ரோ எஸ்டி அசலா போலியா என்று சோதிக்க வேண்டும். 32 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 4 அல்லது 8 ஜிபி மட்டுமே உள்ள கார்டுகள் சந்தையில் ஏராளம். கணினி 32 என்றே காட்டும், கோப்புகளை வாங்கிக்கொள்ளும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் புதிதாக எழுதுவது தொலைந்துபோகும், அல்லது பழையதன் மேல் விழும். இந்தக் குறையுள்ளவர்கள் ஃப்ளாஷ் கார்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டுமே கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் கார்டு என்றால் 32 ஜிபி-க்கு எழுத மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும், படிக்க அதற்கு மேல். பொறுமையாக விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டு இந்த வேலைக்கு ஆகாது.

தேறிய பிறகு ஃபார்மேட். எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் எஸ்டி ஃபார்மேட்டர் போதும். 4 முதல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி கார்டுகளுக்கு அது ஃபேட்32 கோப்பு முறைமையையும் 32 கேபி கிளஸ்டர் அளவையும் (கோப்புகளைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவு) தானே போட்டுவிடும். கிளஸ்டர் பெரிதாக இருந்தால் ஒரு கோப்பு குறைவான துண்டுகளாகப் பிரியும். ஃப்ளாஷ் கார்டில் இருக்கும் எளிய சில்லு அடுத்த துண்டு எங்கே என்று தேடும் நேரம் குறையும். 4 கேபி கிளஸ்டரில் ஃபார்மேட் செய்த கார்டில், விளையாட்டின் நடுவே வரும் வீடியோக் காட்சி திக்கித் திக்கி ஓடுவதற்கு இதுதான் காரணம்.

அசல் ஆர்4 வைத்திருப்பவர்கள் மட்டும் 2 ஜிபி-க்கு மேல் போகவே கூடாது. அது எஸ்டிஹெச்சி ஆதரவு இல்லாமல் வடிவமைத்த கார்டு, பெரிய கார்டை அதற்குப் படிக்கத் தெரியாது. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற வேறு கோப்பு முறைமையில் வரும். அவற்றை ஃபேட்32-ஆக மாற்றினால் சில ஃப்ளாஷ் கார்டுகளில் ஓடும், சிலவற்றில் ஓடாது. டிஎஸ் கோப்புகள் சிறியவை, அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. கார்டில் போட்டிருக்கும் வேக வகுப்புக்கும் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள். டிஎஸ் படிக்கும் வேகத்துக்கு எந்த அசல் கார்டும் போதும்.

பனைமரம்77:
நன்றி. எஃப்3 சோதனையில் கார்டு தேறிவிட்டது. ஸ்டிக்கர் முகவரியில் ஒரு சிறுகோடு இருக்கு, நான் போட்டது சிறுகோடு இல்லாத தளத்தின் கெர்னல். சரியானதை இறக்கி ஜிப்பைப் பிரித்துப் போட்டேன். இப்போது "மெனு கோப்பு இல்லை" என்கிறது.

சில்லு:
ஜிப்பைப் பிரிச்சதும் வெளியே ஒரு ஃபோல்டர் வந்திருக்கும். அதை அப்படியே தூக்கி கார்டுல போட்டிருப்பீங்க. அந்த ஃபோல்டருக்கு *உள்ளே* இருக்கிறதை எல்லாம் எடுத்து கார்டோட வேர் அடைவுல வைக்கணும். கார்டைத் திறந்த உடனே முதல் பார்வைக்கே மெனு கோப்பு தெரியணும். மறைந்திருக்கிற கோப்புகளையும் காட்டச் சொல்லிட்டு எடுங்க, சில கெர்னல்ல துணை ஃபோல்டர் மறைவா இருக்கும்.

மேக் பயன்படுத்துறவங்களுக்கு ஒன்னு. மேக் ஒவ்வொரு கோப்போடயும் புள்ளி, அடிக்கோடுன்னு ஆரம்பிக்கிற ஒரு நிழல் கோப்பை எழுதி வைக்கும். ஃப்ளாஷ் கார்ட் மெனு அதையும் விளையாட்டுன்னு நினைச்சு பட்டியல்ல காட்டும், தொட்டா கருந்திரை. டெர்மினல்ல "டாட் கிளீன் (dot_clean)" கட்டளையை கார்டு மேல ஓட்டிட்டு வெளியே எடுங்க.

கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்துல, சுருக்கமா வைங்க. தமிழ்ப் பெயர் வச்சா பெரும்பாலான கெர்னல்கள் கேள்விக்குறியா காட்டும், சிலது பட்டியலைத் திறக்கும்போதே உறைஞ்சுடும்.

வடகரை:
கெர்னல் வரிசையாகச் சொல்கிறேன், புதிதாக வாங்குபவர்களுக்கும் உதவும். அசல் ஆர்4-க்கு உட் ஆர்4, அதன் கடைசிப் பதிப்பு 1.62. டிஎஸ்டிடி வழி நகல்களுக்கு ஒய்எஸ்மெனு. ஏஸ்கார்டு 2ஐ என்ற ஃப்ளாஷ் கார்டை வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர், உட் கெர்னலின் ஏஸ்கார்டு வடிவமும் ஓடும், ஏகேஏஐஓ என்ற கெர்னலும் ஓடும்.

ஸ்டிக்கரில் ஆண்டு எண் அச்சிட்டு வரும் "ஆர்4ஐ எஸ்டிஹெச்சி டாட் காம்" வகைக் கார்டுகளில் கெர்னலுக்குள் காலக்கெடு ஒன்று வைத்திருக்கிறார்கள். கன்சோலின் கடிகாரம் ஒரு தேதியைத் தாண்டியதும் ஆட்டங்கள் திறக்காது. பழுது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் ஓடும், ஆனால் நேரத்தை வைத்து நடக்கும் ஆட்டங்களில் குழப்பம் வரும். இவ்வகைக் கார்டுக்கென்றே பொதிந்த ஒய்எஸ்மெனுவைப் போடுவது சரியான தீர்வு.

டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் கன்சோலுக்கு அப்டேட் வசதியே இல்லை. ஆகவே இன்று ஓடும் ஃப்ளாஷ் கார்டை நாளை நின்டெண்டோ தடுக்க முடியாது. 2008-இல் வந்த டிஎஸ்ஐ-இல் கதை வேறு. அதன் சிஸ்டம் அப்டேட்டுகள் பல கார்டுகளை முடக்கின.

கயல்_எம்:
டிஎஸ்ஐ பேச்சு வந்ததால் சொல்கிறேன். டிஎஸ்ஐ வைத்திருப்பவர் ஃப்ளாஷ் கார்ட் வாங்கவே தேவையில்லை. பக்கவாட்டில் எஸ்டி துளை இருக்கிறது. கேமரா செயலியின் பிழையைப் பயன்படுத்தும் மெமரி பிட் என்ற வழியில், ட்வைலைட் மெனு என்ற மெனு நிரலை எஸ்டி கார்டிலிருந்தே ஓட்டலாம். செலவு இல்லை. அன்லாஞ்ச் என்ற தொடக்க நிரலை நிறுவுவதென்றால் அது கன்சோலின் உள் நினைவகத்தில் எழுதுகிறது. அதற்கு முன் நாண்ட் எனப்படும் அந்த நினைவகம் முழுவதையும் பிரதி எடுத்து, அந்தக் கோப்பைக் கணினியில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் தொட வேண்டும்.

வடகரை:
அதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எஸ்டி கார்டிலிருந்து டிஎஸ் ஆட்டத்தை ஓட்டும்போது, கார்ட்ரிட்ஜ் படிக்கும் கட்டளைகளை என்டிஎஸ்-பூட்ஸ்ட்ராப் என்ற நிரல் இடைமறித்து எஸ்டி பக்கம் திருப்புகிறது. ஃப்ளாஷ் கார்ட் அசல் கார்ட்ரிட்ஜ் உட்காரும் துளையிலேயே உட்கார்ந்து பதில் சொல்கிறது. இன்றைய என்டிஎஸ்-பூட்ஸ்ட்ராப் மிக நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பல கன்சோல்களுக்கு இடையே ஒரே கார்டை மாற்றி மாற்றிப் போடுபவருக்கு ஃப்ளாஷ் கார்ட்தான் வசதி.

பனைமரம்77:
மெனு வந்துவிட்டது! ஹோம்ப்ரூ இரண்டு ஓடுது, ஒன்று மட்டும் கார்டைப் படிக்க முடியவில்லை என்று நிற்குது. இன்னொரு சந்தேகம்: ஒரு ஆட்டத்தில் சேவ் செய்தது அடுத்த முறை திறந்தால் இல்லை. இந்தக் கார்டில் கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டங்களும் ஓடுமா?

சில்லு:
ஹோம்ப்ரூ விஷயம் முதல்ல. ஒவ்வொரு ஃப்ளாஷ் கார்டும் மைக்ரோ எஸ்டியை வேற வேற விதமா படிக்கும். அதனால ஹோம்ப்ரூ எழுதுறவங்க டிஎல்டிஐன்னு ஒரு பொது ஏற்பாட்டைப் பின்பற்றுறாங்க. நிரலுக்குள்ள டிரைவருக்குன்னு காலி இடம் விட்டிருப்பாங்க, உங்க கார்டுக்கான டிரைவரை அங்க ஒட்டணும். இப்போதைய கெர்னல்கள் திறக்கும்போதே தானா ஒட்டிடும். உங்க கெர்னல் அதைச் செய்யலைன்னா, கணினியில டிஎல்டிஐ கருவியை வச்சு உங்க கார்டுக்குரிய டிரைவரை அந்த டாட் என்டிஎஸ் கோப்புல ஒட்டி, திரும்பக் கார்டுல போடுங்க. ரொம்பப் பழைய ஹோம்ப்ரூ சிலதுல அந்தக் காலி இடமே இருக்காது, அதுக்கு ஒன்னும் செய்ய முடியாது.

கயல்_எம்:
சேவ் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், அதிகம் பேர் தவிப்பது இதில்தான்.

அசல் கார்ட்ரிட்ஜில் சேவுக்கென்று தனிச் சில்லு உண்டு. ஆட்டத்தைப் பொறுத்து அது பெரும்பாலும் 512 பைட், 8 கேபி அல்லது 64 கேபி ஈஈப்ராம் ஆகவோ, 256 கேபி அல்லது 512 கேபி ஃப்ளாஷ் ஆகவோ இருக்கும். ஃப்ளாஷ் கார்டில் அந்தச் சில்லு கிடையாது. கெர்னல் ஆட்டத்தை அடையாளம் கண்டு, இது எந்த வகை என்று தன் பட்டியலில் பார்த்து, மைக்ரோ எஸ்டியில் டாட் சாவ் என்று முடியும் கோப்பை உருவாக்கி, ஆட்டம் எழுதுவதை அதற்குள் திருப்பிவிடுகிறது. பட்டியலில் ஆட்டம் இல்லை என்றாலோ வகை தவறாக இருந்தாலோ, ஆட்டம் எழுதியதாக நினைத்துக்கொள்ளும், கோப்பில் ஒன்றும் இருக்காது.

எனவே முதலில் டாட் சாவ் கோப்பு உருவாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மைக்ரோ எஸ்டியில் எழுதவே முடியவில்லை. அடாப்டரில் இருக்கும் பூட்டு இங்கே காரணமாக முடியாது, அது கணினிப் பக்கம் மட்டும். கோப்பு முறைமை பழுதாகியிருக்கலாம், கணினியில் பிழைச் சரிபார்ப்பு ஓட்டுங்கள். கோப்பு இருந்தும் சேவ் வரவில்லையென்றால் கெர்னல் அமைப்பில் அந்த ஆட்டத்துக்கு மட்டும் சேவ் வகையைக் கையால் மாற்றலாம். கெர்னலின் புதிய பட்டியல் கோப்பு கிடைத்தால் அதைப் போடுவது இன்னும் நல்லது.

அடுத்து, பெயர். ஆட்டக் கோப்பின் பெயரும் சேவ் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டத்தை அழகாக வேறு பெயரிட்டுவிட்டு சேவை அப்படியே விட்டால், கெர்னல் புதிதாக ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கும். பழையது பக்கத்திலேயே பத்திரமாகத்தான் இருக்கும். பெயரைப் பொருத்தினால் திரும்பிவிடும். சில கெர்னல்கள் சேவுகளைத் தனி ஃபோல்டரில் எதிர்பார்க்கும், கெர்னல் மாற்றும்போது அதையும் பார்க்க வேண்டும். எல்லாச் சேவையும் 512 கேபி-யாகவே எழுதும் கெர்னலும் உண்டு. அதில் உண்மையான தரவு முன்பகுதியில் இருக்கும், மீதி வெறும் நிரப்பல்.

ஆட்டம் "சேவ் ஆயிற்று" என்று சொன்ன அடுத்த நொடியே கன்சோலை அணைக்காதீர்கள். மைக்ரோ எஸ்டி உள்ளுக்குள் எழுதி முடிக்கச் சில நொடி கொடுங்கள். மாதம் ஒருமுறை எல்லா டாட் சாவ் கோப்புகளையும் கணினிக்குப் பிரதி எடுங்கள். ஃப்ளாஷ் கார்ட் போனால் வேறு வாங்கலாம், நூறு மணி நேர ஆட்டத்தின் சேவ் போனால் போனதுதான்.

வடகரை:
கேம் பாய் அட்வான்ஸ் கேள்விக்கு: ஸ்லாட்-1 கார்டில் நேரடியாக ஓடாது. அட்வான்ஸ் ஆட்டங்கள் ஸ்லாட்-2 துளையில் உள்ள கார்ட்ரிட்ஜ் நினைவகத்தைத் தன் முகவரிப் பரப்பில் நேராகப் பார்க்கும். கன்சோல் அந்த நிலைக்கு மாறியதும் ஸ்லாட்-1 அதற்குக் கண்ணில் படாது. ஆகவே ஸ்லாட்-2-இல் நினைவகம் உள்ள ஒரு கார்ட் வேண்டும்.

ஈஸி-ஃப்ளாஷ் 3இன்1 இதற்கென்றே வந்தது. 16 எம்பி பிஎஸ்ராம், 32 எம்பி நார் ஃப்ளாஷ், அதிர்வு மோட்டார் மூன்றும் ஒரே உறையில். ஸ்லாட்-1 கார்டிலிருந்து ஆட்டத்தை அதற்குள் ஏற்றி ஓட்ட வேண்டும். 16 எம்பி-க்குள் இருந்தால் பிஎஸ்ராமில் ஏற்றுங்கள், சட்டென்று ஆகிவிடும், அணைத்ததும் மறைந்துவிடும். அதற்கு மேல் என்றால் நாரில் எழுத வேண்டும், நேரம் பிடிக்கும், ஆனால் நிற்கும். டிஎஸ்ஐ-இல் ஸ்லாட்-2 கிடையாது என்பதால் இந்த வழி டிஎஸ், டிஎஸ் லைட்டுக்கு மட்டும்.

கார்ட்ரிட்ஜ் பிரதி எடுக்கும் வழி: ஸ்லாட்-2-இல் உள்ள அசல் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜை டிஎஸ் லைட்டிலேயே எடுக்கலாம். ஜிபிஏ பேக்கப் டூல் என்ற ஹோம்ப்ரூவை ஸ்லாட்-1 ஃப்ளாஷ் கார்டிலிருந்து ஓட்டினால் ஆட்டத்தையும் சேவையும் மைக்ரோ எஸ்டிக்கு எழுதும். டிஎஸ் கார்ட்ரிட்ஜுக்கு டிஎஸ் லைட்டில் வேலை கூடுதல், ஏனென்றால் இருப்பது ஒரே ஸ்லாட்-1. நிரலை ஏற்றியபின் ஃப்ளாஷ் கார்டை உருவி அசலைச் செருகி, வைஃபை வழியாகக் கணினிக்கு அனுப்ப வேண்டும். வைஃபை பாதுகாப்பு முறைகளில் டிஎஸ்-க்கு டபிள்யூஇபி என்ற பழைய முறை மட்டுமே தெரியும், இன்றைய வீட்டு ரவுட்டர்களோடு ஒட்டாது. நண்பர் யாரிடமாவது ஹோம்ப்ரூ வசதியுள்ள டிஎஸ்ஐ இருந்தால் காட்மோட்9ஐ (GodMode9i) என்ற நிரல், 3டிஎஸ் இருந்தால் காட்மோட்9 (GodMode9). அதில் எடுப்பது சுலபம்.

இந்த இழையில் ஆட்டக் கோப்பு எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கிய கணினி நிரலுக்கு இழப்பிலிருந்து காத்துக்கொள்ளும் அளவில் காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ, பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பது பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு நிலையைப் பாருங்கள். ஜப்பானில் 2009-இலும் இங்கிலாந்தில் 2010-இலும் இந்தக் கார்டுகளின் விற்பனைக்கு எதிராகவே நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன.

யாழி:
படிப்பதற்காக டிஎஸ் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மின்னூல் படிக்கும் ஹோம்ப்ரூவில் தமிழ் யூனிகோட் கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துரு சேர்த்தாலும் போதாது. "கொ" என்பதில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் போய் உட்கார வேண்டும், அந்த வரிசைமாற்றத்தைச் செய்யும் நிரல் அவற்றில் இல்லை.

கணினியிலேயே பக்கங்களைப் படமாக்கிவிடுவதுதான் வழி. ஒரு திரை 256-க்கு 192 புள்ளி. கன்சோலைப் பக்கவாட்டில் புத்தகம் போலப் பிடித்தால் 192 அகலம், 256 உயரம். இந்த அகலத்தில் 16 புள்ளி உயர எழுத்துக்குக் கீழே போனால் "ண", "ன" வேறுபாடு மங்கிவிடும். படங்களைக் காமிக்ஸ் படிப்பானில் போட்டுத் திறக்கலாம்.

சொந்தமாக எழுத விரும்புபவர் டெவ்கிட்புரோ வழங்கும் லிப்என்டிஎஸ் நிரலகத்தையோ, தனியாகக் கிடைக்கும் பிளாக்ஸ்டிஎஸ் தொகுப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். 16 பிட் நிறத்தில் ஒரு முழுத்திரைப் படம் 96 கேபி. திரைக்கான நினைவகமான விராமில், மேல் திரைக்கு விராம் ஏ, கீழ்த் திரைக்கு விராம் சி, இரண்டும் 128 கேபி என்பதால் ஆளுக்கு ஒரு பக்கம் தாராளமாகக் கொள்ளும். முதலில் மெலன்டிஎஸ் எமுலேட்டரில் (கணினியில் டிஎஸ் போல இயங்கும் நிரல்) டிஎல்டிஐ-ஐ இயக்கிச் சோதித்துவிட்டு ஃப்ளாஷ் கார்டுக்கு மாற்றுங்கள். மைக்ரோ எஸ்டியைக் கழற்றி மாட்டுவது குறையும்.

சில்லு:
யாழி சொன்னது முக்கியம். ஃப்ளாஷ் கார்டுல சீக்கிரம் தேயுறது மைக்ரோ எஸ்டி துளைதான். ஸ்பிரிங் வச்ச துளை உள்ள கார்டுகள்ல, கன்சோல்ல செருகும்போது விரல் பட்டு மைக்ரோ எஸ்டி பாதி வெளியே வந்துடும். அப்படியே கன்சோலுக்குள்ள தள்ளினா ஸ்லாட்டோட பின் வளையும். செருகுறதுக்கு முன்னாடி விளிம்பைத் தடவிப் பாருங்க, மட்டமா இருக்கணும்.

கார்டே இல்லைன்னு டிஎஸ் மெனு சொன்னா தொடுமுனைகளைத் துடைக்கணும். 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி. நனைச்சுப் பிழிஞ்சு, நீளவாக்குல மட்டும் தேய்ங்க. தின்னர், பெட்ரோல் ரெண்டும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மலிவான உறைகள்ல பின்களுக்கு நடுவுல இருக்கிற மெல்லிய தடுப்புகள் உடைஞ்சு விழும். ஒன்னு ரெண்டு போயிருந்தா கவனமா பயன்படுத்தலாம். துண்டு ஸ்லாட்டுக்குள்ள மாட்டியிருந்தா பேட்டரியைக் கழற்றிட்டு பிளாஸ்டிக் முனையுள்ள இடுக்கியால எடுங்க, உலோகம் வேண்டாம்.

பனைமரம்77:
சேவ் வகையைக் கையால் மாற்றியதும் அந்த ஆட்டம் சரியாகிவிட்டது. டிஎல்டிஐ-யும் ஒட்டியாச்சு. கயல், கெர்னலை மாற்றும்போது இப்போது உள்ள டாட் சாவ் கோப்புகளை அப்படியே எடுத்துப் போகலாமா?

கயல்_எம்:
போகலாம். பெயர், இடம், அளவு மூன்றையும் பாருங்கள். புதிய கெர்னலில் ஆட்டத்தை ஒருமுறை திறந்து வெற்றுச் சேவ் உருவாக விடுங்கள். அது எங்கே, எந்தப் பெயரில், எத்தனை கேபி-யில் வந்திருக்கிறது என்று கணினியில் பார்த்துவிட்டு, பழையதை அதே பெயரில் அங்கே வையுங்கள். புதிய கெர்னல் 64 கேபி எதிர்பார்த்து உங்களுடையது 512 கேபி-யாக இருந்தால், ஹெக்ஸ் எடிட்டரில் முதல் 65,536 பைட்டை மட்டும் வெட்டி எடுத்துச் சேமியுங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் ஓரமாக வைத்துக்கொண்டு செய்யுங்கள்.